மேல்கல்லில் நின்ற சைக்கிள்

இதை எழுத வேண்டும் என்று பேனாவை எடுத்து, விளக்கு வைக்கும் நேரம் வந்ததும் மூடி வைத்த சாயங்காலங்கள் நிறைய உண்டு. சாமி காரியம் இதில் இருக்கிறது. ஊர் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக என் வீட்டுக்காரி இருக்கிறாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், எனக்கு எழுத வராது என்பதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு வருஷங்களை ஓட்டிவிட்டேன்.

போன ஆயுத பூஜைக்கு நம் மெக்கானிக் தொழில்காரர்கள் எல்லாம் கூடினோம். புதிதாகக் கடை போட்ட ஒரு தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏனுங்க பெரியவரே, வளைவுக் கருப்பனார் சக்கரத்தப் புடிச்சு நிறுத்துனாராமே, அந்த பிரேக்கு நீங்க வச்சதுங்களா?" என்று கேட்டான். கெட்ட எண்ணம் இல்லாத பையன்தான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தபடியே பொரியை வாங்கிக்கொண்டு எழுந்து வந்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் பொரியைத் தின்னாமல் வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பிமார்களே, நீங்கள் இன்றைக்கு டிஸ்க் பிரேக் மாட்டுகிறவர்கள். நான் மலை மேல் வளப்பூர் நாட்டில் பஸ் நிற்கும் இடத்தில் தகரக் கொட்டகை போட்டு, கண் மங்கும் வரை சைக்கிள் பார்த்தவன். ஆனாலும் நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்க வேண்டும் என்பது உங்களுக்கும் எனக்கும் ஒன்றுதான். செயின் மாட்டுவதையும் சக்கரத்துக்குப் பால்ரஸ் குண்டு போடுவதையும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வண்டியை ஓட்டுகிறவர் யார் என்று பார்ப்பதைப் பற்றி மட்டும் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

நான் தொழில் பழகியது மலைக்குக் கீழே, காளப்பநாயக்கன்பட்டியில், ஒரு பாய் கடையில். அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் பாய் என்றே சொல்கிறேன். ஒரு தடவை வயதான தையல்காரர் ஒருவருக்கு பிரேக் வைத்தேன். நான் அமுக்கிப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது. பெருமையாக வண்டியை வெளியே தள்ளினேன். பாய் அவரைக் கூப்பிட்டு, "நீங்க ஒருக்கா அமுக்குங்க" என்றார். அந்த மனிதரின் விரல் லீவரைத் தொட்டதே தவிர, இழுக்கவில்லை. பாய் என்னைத் திட்டவில்லை. நான் வைத்ததையெல்லாம் அவர் எதிரிலேயே கழற்றிவிட்டு, "உன் கை அமுக்குனா எந்த பிரேக்கும் நிக்கும். ஓட்டப்போற கை எது? அந்தக் கையப் புடிச்சு வையி" என்றார். தையல்காரரின் விரல்களைப் பிடித்துக்கொண்டு, அவருக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம், திரும்பவும் வைத்தேன். அதற்குப் பிறகு நான் கொடுத்த ஒவ்வொரு சைக்கிளும் அதன் சொந்தக்காரர் கை பட்ட பிறகுதான் என் கடையைத் தாண்டியது.

இனி என் வீட்டு விஷயம்.

என் மனைவி பழனியம்மாளுக்கு, நாற்பது வயது தாண்டிய பிறகு, பக்கத்துச் சிற்றூரில் அங்கன்வாடி உதவியாளர் வேலை கிடைத்தது. குழந்தைகளைக் கூட்டி வந்து உட்கார வைத்துச் சோறாக்கிப் போடும் வேலை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வேலை அவளுக்கு எப்படிப்பட்டது என்பதை இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காலை பஸ் வருவதற்குள் அங்கே அடுப்புப் பற்றியிருக்க வேண்டும். நடந்தால் மேடும் பள்ளமுமாக வெகுதூரம். சில மாதம் நடந்து பார்த்தாள். ஒருநாள் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, ஊருல இருக்கற சைக்கிளுக்கெல்லாம் வைத்தியம் பாக்கறீங்க. எனக்கொண்ணு கெடையாதுங்களா?"

"உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே."

"பொறக்கறப்பவே சோறாக்கத் தெரிஞ்சா பொறந்தேன்?"

மறுநாளே பழைய சைக்கிள் தேடக் கிளம்பினேன்.

ரிட்டயர் ஆன ஒரு வாத்தியார் வீட்டுக் கொல்லையில், பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று கிடந்தது. அதன் மேல் கோழி அடைந்துகொண்டிருந்தது. பிரேம் குழாயைத் தட்டிப் பார்த்தேன், விரிசல் இல்லாமல் ஓசை சுத்தமாக இருந்தது. மற்றதெல்லாம் துரு. அதை மீட்ட கதையை எழுதினால் உங்களுக்கு அலுத்துவிடும். பிரேக்கை மட்டும் சொல்கிறேன். பழனியம்மாளுக்கு வலது கையில் இரண்டு விரல் முழுசாக மடங்காது. மரவள்ளி வெட்டும்போது கொடுவாள் பட்டது. பழைய கம்பி பிரேக்கை அந்தக் கையால் இழுக்க முடியாது. அதனால் கம்பியைக் கழற்றி வயர் பிரேக் போட்டேன். லீவரைச் சூடு காட்டி உள்ளே வளைத்தேன். ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் அவளை உட்கார வைத்து, அவள் கையின் மேல் என் கையை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். பல சாயங்காலங்கள் அந்த வேலையே நடந்தது.

"கல்யாணத்தன்னைக்குக்கூட இம்புட்டு நேரம் கையப் புடிக்கலீங்களே நீங்க" என்றாள்.

"அசையாம உக்காரு."

"ஆமாங்க மெக்கானிக்குங்களே."

கடைசியில் மடங்குகிற விரல்களை மட்டும் வைத்து அவள் அமுக்கினாள். நான் தூக்கிச் சுற்றிவிட்ட முன் சக்கரம் அப்படியே நின்றது. அன்றைக்கு நான் கருப்பனாருக்கு வைத்த கற்பூரம் மனசார வைத்தது.

கருப்பனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சிற்றூர்களுக்குக் கீழே ரோடு திரும்பும் இடத்தில், மரத்தடியில் வேலும் மணியுமாக நிற்பவர். வளைவுக்கு மேலே ஒரு கல், கீழே ஒரு கல். மேல்கல் வந்ததும் வண்டியை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, கீழ்க்கல் வரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். சைக்கிளானாலும் பைக்கானாலும் அதுதான் வழக்கம். பஸ்ஸுக்கும் ஜீப்புக்கும் மட்டும் விலக்கு. டிரைவர் ஆரன் அடித்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். உள்ளே இருக்கிறவர்கள் உட்கார்ந்தபடி கன்னத்தில் போட்டுக்கொண்டால் போதும். நானும் இன்று வரை இறங்கி நடக்கிறவன்தான். அது எனக்குச் சுமையாகத் தோன்றியதே இல்லை.

பழனியம்மாள் பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டப் பழகினாள். விழுந்தாள், சிராய்த்துக்கொண்டாள், பிள்ளைகள் சிரித்தால் அவர்களோடு சேர்ந்து தானும் சிரித்தாள். நல்ல நாள் பார்த்துச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். அதற்குப் பிறகு அவள் காலையில் கிளம்பும்போது அடிக்கும் பெல் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் கடை திறப்பேன். மழையானாலும் பனியானாலும் போனாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஒருநாள் மதியம் அங்கன்வாடியில் ஒரு பெண் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. குழந்தையின் அப்பன் சின்னராசு, எங்களுக்கு ஒருவகையில் சொந்தம், லோடு ஏற்ற மலையை விட்டு இறங்கியிருந்தான். தாய் மிளகு பறிக்கப் போயிருந்தாள். டீச்சரம்மா ஆம்புலன்சுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தார், சிக்னல் எடுக்கவில்லை. பஸ் போய்விட்டது. ஆஸ்பத்திரி வளைவுக்குக் கீழே இருக்கிறது. பழனியம்மாள் முந்தானையால் குழந்தையைத் தன் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள்.

மேல்கல்லில் அவள் இறங்கவில்லை. செருப்போடு, மிதித்தபடி, சாமிக்கு முன்னால் வளைவைக் கடந்து போய்விட்டாள். மரத்தடியில் பூசாரி உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். வலிப்பு நின்றது. குழந்தை கண்ணைத் திறந்து, பழனியம்மாளின் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டதாம். இதை அன்றைக்கு வந்து என்னிடம் சொன்னாள். "எறங்காமப் போயிட்டேனுங்க" என்றாள். "தெரியும், விடு, நாளைக்குத் தேங்கா ஒடச்சுக்கலாம்" என்றேன். அது அவ்வளவு சுலபமாக முடியும் என்று நினைத்தேன்.

அந்த வாரம் வேண்டாத நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. களத்தில் காயப்போட்ட மிளகெல்லாம் பூஞ்சை பிடித்தது. மழை யாருக்கும் பகை இல்லை, ஆனால் நஷ்டப்பட்டவனுக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. பூசாரி தான் பார்த்ததைச் சொன்னார். கோயிலடியில் ஊர் கூடியது.

ஊர்க் கூட்டத்தை நடத்துகிற ஊர்க்கவுண்டர் பொல்லாதவர் இல்லை. அவருடைய முதல் சைக்கிளே நான் பூட்டிக் கொடுத்ததுதான். எனக்கு ஒரு வழி செய்து கொடுக்கவே அவர் நினைத்தார் என்று இப்போதும் நம்புகிறேன். எல்லாரும் உட்கார்ந்த பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மெக்கானிக்கு, நீ சாமிக்குப் பயந்த ஆளு. பழைய வண்டி, நீ தட்டிக்கொட்டி ஓட்டறாப்புல பண்ணுனது. அன்னைக்கு பிரேக்கு புடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லு. புடிக்காத வண்டி நிக்காமப் போச்சுன்னா அதுல சாமி குத்தம் எங்கிருந்து வருது? ஒரு தேங்காய ஒடச்சிட்டுக் கலைஞ்சு போலாம்."

கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். சின்னராசு என் பின்னால் வந்து குனிந்து, "சொல்லீருங்க மாமா. அக்கா தப்பிச்சுக்கும். உங்களுக்கு என்ன கொறஞ்சு போவுது" என்றான்.

என்ன குறைந்து போகும் என்று அவனுக்கு எப்படித் தெரியும். நான் அவள் கையைப் பிடித்து வைத்த பிரேக் அது. அது பிடிக்கவில்லை என்று என் வாயால் சொன்னால், அதற்குப் பிறகு என்னிடம் யார் வண்டி விடுவார்கள் என்பது ஒரு பக்கம். சாமி முன்னால் நின்று பொய் சொல்வது இன்னொரு பக்கம். ஆனால் சொல்லாவிட்டால் அவளுடைய சைக்கிள் போகும், சைக்கிள் போனால் வேலை போகும், வேலை போனால் அந்தப் பிள்ளைகள் போகும். நான் கருப்பனாரைப் பார்த்தேன். அவர் எப்போதும் பார்க்கிற மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தேன்.

"பிரேக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து பழனியம்மாள் எழுந்துவிட்டாள். மரத்தில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளை எடுத்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முறைப்படி மேல்கல் வரை தள்ளிக்கொண்டு போனாள். கல்லைத் தாண்டியதும் செருப்பைப் போட்டுக்கொண்டு இன்னும் மேலே ஏறினாள். "எங்க போறா இவ?" என்று யாரோ கேட்டார்கள். "கோவிச்சுக்கிட்டு ஊட்டுக்குப் போறா" என்று ஒரு பெண் சொல்ல, சிலர் சிரித்தார்கள்.

அங்கே ரோடு சரிவானது. தூறல் வேறு போட்டுக்கொண்டிருந்தது, ரிம்மெல்லாம் ஈரம். நம் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், பிரேக் வைத்தவன் பயப்பட வேண்டிய நேரம் அது. அவள் சீட்டில் ஏறி, ஒரு மிதி மிதித்து, காலைத் தூக்கிக்கொண்டு விட்டாள். சைக்கிள் சரிந்து வந்த வேகத்தைப் பார்த்து முன்னால் இருந்தவர்கள் எழுந்து விலகினார்கள். நான் அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மடங்குகிற விரல்கள் மடங்கின. முன் டயர் மேல்கல்லை ஒட்டி நின்றது. கல்லைத் தாண்டவில்லை.

இறங்கினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். தள்ளிக்கொண்டு வந்து கூட்டத்துக்கு நடுவில் ஸ்டாண்டு போட்டாள்.

"பிரேக்கு நல்லாத்தானுங்க இருக்குது. அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் அமுக்கலை. புள்ள கட்டையாட்ட வெரச்சுக் கெடந்துச்சுங்க. எறங்கிச் செருப்பக் கழட்டிக் கீழ்க்கல்லு வரைக்கும் தள்ளுனா அம்புட்டு நேரம் புள்ள தாங்காதுன்னு பட்டுச்சு. அதனால எறங்கலை. சாமிக்கு அன்னைக்கே அது தெரியும். இப்ப உங்களுக்கும் சொல்லிப்புட்டேன்."

ஊர்க்கவுண்டரின் முகம் மாறியது. தான் திறந்து வைத்த வழியை ஒரு பெண் ஊர் பார்க்க அடைத்துவிட்டாள் என்ற கோபம் அது.

"பிரேக்கு இருந்தும் நிக்கலைன்னா அது திமிருதான்" என்றார். "சைக்கிளு கருப்பனுக்கு. இனி நீ இந்த ரோட்டுல சைக்கிளுல போகப்படாது."

பழனியம்மாள் சின்னராசைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குழந்தை பாட்டியின் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

"எடுத்துக்கங்க" என்றாள். "பொழச்ச புள்ளையத் திருப்பிக் கேக்காம உட்டீங்களே, அது போதும்."

அன்றைக்கே சைக்கிளை மரத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டார்கள். சாமிக்குக் கொடுத்ததை மனுஷன் தொடக்கூடாது.

வீட்டுக்கு வந்து, சோறு போட்டுக்கொண்டே கேட்டாள், "பிரேக்குன்னு ஆரம்பிச்சீங்களே, என்ன சொல்ல வந்தீங்க?"

"புடிக்கலைன்னு சொல்ல வந்தேன்."

"தெரியுமுங்க. அதனாலதான் எந்திரிச்சேன்."

"உனக்கோசரந்தான் பழனியம்மா. எம் பேரு கெட்டாலும் பரவால்லைன்னு..."

"உங்க பேருக்காக ஒண்ணும் நான் எந்திரிக்கலை. எங் கையில பிரேக்கு இருந்துச்சு, நான் அமுக்கலை. அது நான் பண்ணுனது. அத எங்கிட்ட இருந்து புடுங்கி வயருகிட்டக் குடுக்கப் பாத்தீங்களே நீங்க."

தம்பிமார்களே, நம்மிடம் இப்படி ஒரு வார்த்தை கேட்டு ஆட்கள் வருவார்கள். இன்சூரன்ஸ் கேசுக்கு வருவார்கள், போலீசுக்காக வருவார்கள், சொந்த பந்தத்துக்காக வருவார்கள். "பிரேக்கு புடிக்கலைன்னு சொல்லீருங்க" என்பார்கள். இரக்கத்தோடுதான் கேட்பார்கள், நமக்கும் இரக்கம் வரும். வண்டிக்கு வாய் இல்லை, அதன் மேல் எதைப் போட்டாலும் தாங்கும் என்று தோன்றும். ஆனால் அந்த வண்டியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். அவர் என்ன நினைத்து அதை ஓட்டினார் என்பதை நம் வார்த்தை அழித்துவிடும். எனக்கு இது தெரிய ஒரு சைக்கிள் போக வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் பழையபடி நடந்தாள். அடுத்த மழைக்காலம் வரை தாக்குப்பிடித்தாள். முழங்கால் வீங்கிக் கட்டிலோடு கிடந்த பிறகு, தானே போய் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். இப்போது அந்த வேலைக்கு ஒரு பெண் ஸ்கூட்டியில் வருகிறாள். நல்ல பெண். மேல்கல்லில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறாள். சின்னராசு எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. அவன் மகள் பெரிய பள்ளிக்கூடம் போகிறாள். வழியில் பார்த்தால் பழனியம்மாளுக்குக் கையாட்டுவாள்.

இவ்வளவோடு போயிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஊர் அதோடு விடவில்லை. கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் சங்கிலியில் கிடக்கும் சைக்கிளைப் பார்த்து என்னவென்று கேட்கிறார்கள். பூசாரி ஒரு கதை சொல்கிறார். ஒரு பொம்பளை குழந்தையோடு வந்தாளாம். பிரேக் அறுந்துவிட்டதாம். கருப்பா என்று கத்தினாளாம். கருப்பனார் வந்து சக்கரத்தைப் பிடித்துக் குழந்தையைக் காப்பாற்றினாராம். நன்றிக்கு அவளே சைக்கிளைக் காணிக்கை வைத்தாளாம். கேட்கிறவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, சைக்கிளுக்கு ஒரு பூவும் வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கதைதான் ஆயுத பூஜை வரைக்கும் வந்து சேர்ந்தது.

நான் சாமியை மறுக்கிறவன் இல்லை. அந்தக் குழந்தை பிழைத்ததில் கருப்பனாரின் கை இருந்தது என்று நானும் நம்புகிறேன். ஆனால் அவர் செய்யாததை அவர் பேரில் எழுத வேண்டாம். அவள் செய்ததை அவளிடமிருந்து எடுக்கவும் வேண்டாம். அமாவாசைக்கு அமாவாசை போகிறேன். மேல்கல்லில் இறங்குகிறேன், செருப்பைக் கழற்றுகிறேன், கும்பிடுகிறேன். சைக்கிளின் வயர் துருப்பிடித்து இற்றுக்கொண்டிருக்கிறது. சீட்டைக் காணோம். நான் சூடு காட்டி வளைத்த லீவர் மட்டும் அவள் கைக்கு எப்படி வைத்தேனோ அப்படியே உள்ளே வளைந்து நிற்கிறது. தொடாமல் வருகிறேன். பழனியம்மாள் அந்த வழியில் பஸ்ஸில்தான் போகிறாள். கன்னத்தில் போட்டுக்கொள்வாள். சைக்கிள் பக்கம் திரும்ப மாட்டாள்.

இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எழுதுங்க. ஆனா என்னைய நல்லவளாக்கறேன்னு எதையாச்சும் சேத்தாதீங்க" என்றாள்.

சேர்க்கவில்லை. நீங்களும் சேர்க்காதீர்கள். உங்கள் கடைக்கு யாராவது வந்து அந்தப் பூசாரி கதையைச் சொன்னால், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு இதைச் சொல்லுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் இதையே சொல்லுங்கள். அவளைப் பெரிய ஆளாக்க வேண்டாம், ஊரைக் கெட்டதாக்க வேண்டாம், எனக்காக வருத்தப்படவும் வேண்டாம். பிரேக் நன்றாக இருந்தது. அவள் அமுக்கவில்லை. ஏன் அமுக்கவில்லை என்பதை அவளே சொல்லிவிட்டாள். அவள் சொன்னது சொன்னபடி போகட்டும்.